பல் வெண்மையாக்கல்: முதல்முறை டாக்டரிடம் போகிறவர்களுக்கு

கல்யாணம், நிச்சயதார்த்தம், வெளிநாட்டு வேலைக்கான நேர்காணல் என்று ஏதாவது ஒரு தேதியை மனதில் வைத்துக்கொண்டுதான் பலரும் பல்லை வெள்ளையாக்க வருகிறார்கள். அந்தத் தேதிக்குப் பெரும்பாலும் ஒரு வாரம்கூட மீதம் இருக்காது. பல் மருத்துவராக நான் எல்லோரிடமும் முதலில் கேட்டுக்கொள்வது, முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே வாருங்கள் என்பதுதான். சொத்தை இருந்தால் அடைக்க வேண்டும். ஈறு வீங்கியிருந்தால் ஆறவிட வேண்டும். வெண்மையாக்கிய நிறம் நிலைகொள்ள இரண்டு வாரம் பிடிக்கும். முன்பல்லில் பழைய அடைப்பு இருந்தால், அதைப் புது நிறத்துக்கு ஏற்ப மாற்றும் வேலை அதற்குப் பிறகுதான். இவ்வளவையும் ஏழு நாளில் அடக்கப் பார்த்தால் ஏதோ ஒன்றைத் தவிர்க்க நேரும். தவிர்க்கப்படுவது பெரும்பாலும் பரிசோதனையாகத்தான் இருக்கிறது.

அந்தப் பரிசோதனைதான் இந்தச் சிகிச்சையின் பாதி. பல் ஏன் நிறம் மாறியது என்று தெரிந்தால், எந்த வழி பலிக்கும், எது பணத்துக்குக் கேடு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

முதலில் காரணம்

பல்லின் மேலுறையான எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். இரண்டும் சேர்ந்த நிறத்தைத்தான் நாம் கண்ணாடியில் பார்க்கிறோம். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிகிறது, டென்டின் தடிக்கிறது. ஆகவே 50 வயதில் பல் மஞ்சளாகத் தெரிவது நோயும் இல்லை, சுத்தக்குறைவும் இல்லை. கோரைப்பல் பக்கத்துப் பற்களைவிட எல்லோருக்குமே ஒரு படி அடர்ந்த நிறத்தில்தான் இருக்கும். "இந்த ஒரு பல் மட்டும் ஏன் மஞ்சள்?" என்று கோரைப்பல்லைக் காட்டிக் கவலைப்படுகிறவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

நிறமாற்றத்தைப் பல்லின் மேல் படிந்தது, பல்லுக்குள் ஊறியது என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். மேலே படிவது காபி, டீ, சிகரெட், வெற்றிலைபாக்கு, புகையிலை ஆகியவற்றின் கறை. குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷை வாரக்கணக்கில் கொப்பளித்தாலும் பழுப்பு படியும். இரும்புச்சத்து டானிக் குடிக்கும் குழந்தைகளுக்குப் பல்லில் கறுப்புக் கோடு விழுவதும் இந்த வகைதான். இதற்கெல்லாம் மருந்து வைத்து வெளுக்கவைக்கும் பிளீச்சிங் தேவையே இல்லை. ஸ்கேலிங் செய்து, அதாவது பல்லில் படிந்ததைச் சுரண்டி எடுத்து, பாலிஷ் போட்டாலே போய்விடும். அதோடு திருப்தியாகி வீட்டுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அப்படி முடிந்தால் அதுவே நல்ல முடிவு.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், எனாமல் போய்விடும் என்ற பயம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பல வருடம் படிந்த பற்காரை பற்களின் இடுக்கை அடைத்துக்கொண்டு, ஈறை மெல்ல மெல்லக் கீழே தள்ளியிருக்கும். காரையை எடுத்ததும் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. அதுவரை காரையின் பிடியில் நின்ற பல், தன் உண்மையான ஆட்டத்தைக் காட்டுகிறது. சேதத்தைச் செய்தது காரை. அதை எடுக்காமல் விட்டிருந்தால் ஆட்டம் இன்னும் கூடியிருக்கும்.

உள்ளே ஊறியவற்றில் நம் மாநிலத்தில் முதலில் பேச வேண்டியது ஃபுளோரோசிஸ். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய நீரைச் சிறுவயதில் குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமல் குறைபாட்டோடு வளர்கிறது. லேசாக இருந்தால் வெள்ளைக் கோடுகள், சற்று அதிகமானால் சுண்ணாம்பு பூசியது போன்ற திட்டுகள், கடுமையானால் பழுப்பு நிறமும் குழிகளும். முன்பற்களின் எனாமல் பள்ளி சேரும் வயதுக்குள்ளேயே உருவாகி முடிந்துவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பே பல் உருவாகிவிட்டவர்களுக்கு இன்று நல்ல தண்ணீர் குடிப்பதால் பல்லின் நிறம் மாறாது. ஆனால் அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீர்தான் மருந்து. இந்தத் திட்டுகளை வைத்து "பல் விளக்குவதில்லையா?" என்று கேட்கப்பட்டு, வாயைப் பொத்திக்கொண்டே சிரிக்கப் பழகிய பெண்களையும் பையன்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்த பிழை ஒன்றுமில்லை, ஆழ்துளைக் கிணற்று நீர் செய்தது அது.

அடுத்தது டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்து. தாய் கர்ப்பமாக இருந்தபோதோ, குழந்தைக்கு எட்டு வயது ஆவதற்குள்ளோ இதைக் கொடுத்திருந்தால் பல்லில் சாம்பலோ பழுப்போ பட்டை பட்டையாகத் தெரியும். இப்போது மருத்துவர்கள் தவிர்த்துவிடுவதால் இளையவர்களிடம் குறைவு, நடுவயதினரிடம் இன்னும் பார்க்கலாம்.

ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் அது வேறு கதை. சின்ன வயதில் சைக்கிளில் விழுந்ததிலோ, கிரிக்கெட் பந்து பட்டதிலோ பல்லின் நரம்பு செத்து, உள்ளே கசிந்த இரத்தத்தின் மிச்சம் பல்லைச் சாம்பல் நிறமாக்கியிருக்கும். வலியே இல்லாமல் வேர் நுனியில் சீழ் கட்டியிருக்கவும் கூடும். இந்தப் பல்லுக்கு மேலே வெண்மையாக்கும் ஜெல் தடவுவதற்கு முன் எக்ஸ்ரே கட்டாயம்.

போவதற்கு முன்

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இதைத் தள்ளிப்போடுங்கள். அவசரச் சிகிச்சை இல்லையே, குழந்தை வளர்ந்த பிறகு செய்துகொள்ளலாம். 18 வயது ஆகாதவர்களுக்கு அழகுக்காக மட்டும் வெண்மையாக்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. இளம்பல்லின் உள்ளே நரம்பறை பெரியதாக இருப்பதால் கூச்சம் அதிகமாக இருக்கும்.

டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு. ஐஸ் வாட்டர் குடித்தால் பல் கூசுகிறதா, எந்தப் பல்லில் வேர் சிகிச்சை நடந்தது, எங்கே கேப் போட்டிருக்கிறது, சிகரெட்டோ பாக்கோ பழக்கம் உண்டா என்பவைதான் அவை. கடைசிக் கேள்விக்கு வெட்கப்பட்டுப் பொய் சொல்ல வேண்டாம். பாக்கு மட்டும்தான், புகையிலை இல்லை என்று பலர் தங்களையே சமாதானப்படுத்திக்கொள்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. முன்புபோல வாயை அகலமாகத் திறக்க முடியவில்லை, காரம் பட்டால் உள்கன்னம் எரிகிறது, வாய்க்குள் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருக்கிறது என்றால் பல்லின் நிறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள். கறைக்காக வந்தவரிடம் அந்தத் திட்டைக் கண்டுபிடிக்க நேர்வது எங்களுக்கு அரிதான அனுபவம் இல்லை.

போகும்வரை வீட்டு வைத்தியத்தை நிறுத்துங்கள். உமிக்கரி, செங்கல் பொடி, சாம்பல் ஆகியவை கறையோடு சேர்த்து எனாமலையும் தேய்த்தெடுக்கின்றன. எலுமிச்சைச் சாறும் சோடா உப்பும் கலந்து தேய்ப்பது இன்னும் மோசம். அமிலம் எனாமலை மென்மையாக்கும்போது உப்பு அதை உரசி எடுத்துவிடுகிறது. சில நாள் வெள்ளையாகத் தெரிந்த பல், எனாமல் மெலிந்ததால் பிறகு முன்னைவிட மஞ்சளாகும். அப்படிப் போன எனாமல் திரும்ப முளைக்காது. கடையில் விற்கும் கரி பேஸ்ட்டுக்கும் இதே எச்சரிக்கைதான். ஒயிட்டனிங் பேஸ்ட் என்று விற்பவை மேற்கறையைக் கொஞ்சம் குறைக்கும், அல்லது நீலச் சாயலைப் பூசிப் பல் வெள்ளையாகத் தெரியச் செய்யும். உள்நிறத்தைப் பெரிதாக மாற்றாது.

முதல் நாள் நாற்காலியில்

பற்கள், ஈறு, நாக்கின் ஓரம், உள்கன்னம் எல்லாவற்றையும் டாக்டர் பார்க்க வேண்டும். தேவைப்படும் பல்லுக்கு எக்ஸ்ரே எடுப்பார். சொத்தையோ விரிசலோ இருக்கும் பல்லில் ஜெல் பட்டால் நேராக நரம்புக்குப் போய்க் கடும் வலி தரும். ஆகவே அதை அடைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பிறகு ஸ்கேலிங், பாலிஷ். ஈறில் இரத்தம் வந்தால் ஒன்றிரண்டு வாரம் ஆறவிட்டுத் தொடர்வது நல்லது. இங்கேயே ஒருமுறை கண்ணாடியை வாங்கிப் பாருங்கள். போதும் என்று தோன்றினால் சொல்லிவிடுங்கள்.

தொடர்வதென்றால் ஷேட், அதாவது பல்லின் நிற அளவு, பார்ப்பார்கள். அதற்கான கருவி, பல் வடிவத்தில் 16 மாதிரிகளை வரிசையாகக் கோத்த ஒரு சீப்பு மாதிரி இருக்கும். பி1 மிக வெளிச்சமானது, சி4 மிக அடர்ந்தது. உங்கள் பல் இப்போது எந்த எண்ணில் இருக்கிறது என்று குறித்து, அந்த மாதிரியைப் பல் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் நல்லது. இது இல்லாமல் ஆரம்பித்தால், முடிவில் மாற்றம் வந்ததா இல்லையா என்று நீங்களும் டாக்டரும் ஞாபகத்தை வைத்து வாதாட வேண்டியிருக்கும்.

இங்கே ஓர் உண்மையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் நிறம் நன்றாக வெளுக்கும். பழுப்பு பரவாயில்லை. சாம்பலும் நீலமும் கலந்த நிறம் மெதுவாகத்தான் மாறும், முழுவதும் மாறாமலும் போகலாம். கேப், அடைப்பு, வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு), கட்டிய பல் எதுவும் ஜெல்லுக்கு நிறம் மாறாது. முன்பல்லில் கேப் இருந்தால், மற்ற பற்கள் வெளுத்த பிறகு அது மட்டும் தனித்துத் தெரியும். மாற்றும் செலவையும் சேர்த்து யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒரே நாளில் முடியும் முறை

எந்தப் பெயரில் விற்றாலும் வேலை செய்யும் மருந்து ஒன்றுதான், பெராக்சைடு. அது எனாமலை ஊடுருவிப் போய், நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளை உடைத்துச் சிறிதாக்குகிறது. உடைந்த பிறகு அவை நிறத்தைக் காட்டுவதில்லை. எனாமல் தேய்வதில்லை.

கிளினிக்கில் போடும் ஜெல்லில் ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் 35 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். தோலில் பட்டால் பொசுக்கும் அளவு அது. அதனால்தான் முன்னேற்பாடுகள் அதிகம். உதட்டையும் கன்னத்தையும் விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையம் மாட்டுவார்கள், கண்ணுக்குக் கண்ணாடி தருவார்கள். ஈறின் ஓரம் முழுவதும் ஒரு பசையைத் தடவி, லைட் காட்டி இறுகவைத்து, மருந்து படாமல் மூடுவார்கள். ஈறை மூடாமல் ஜெல் தடவ வந்தால் எழுந்துவிடுங்கள். இந்தச் சிகிச்சையில் என் கண்டிப்பான அறிவுரை இதுதான்.

ஜெல்லைப் பற்களின் முன்பக்கம் பூசி, அதன் வகையைப் பொறுத்து 8 முதல் 20 நிமிடம் வரை வைத்து, உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி பூசுவார்கள். இரண்டு அல்லது மூன்று சுற்று. முன்னேற்பாடுகளோடு சேர்த்து ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். நடுவில் பல்லில் சுரீரென்று மின்னல் வெட்டுவது போலத் தோன்றலாம். அது பொறுக்கக்கூடியதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஈறில் எரிச்சல் தெரிந்தால் உடனே கையைத் தூக்குங்கள், மருந்து கசிந்திருக்கும். அப்படிப் பட்ட இடம் வெளுத்துப்போய்ச் சில நாளில் தானாகவே ஆறிவிடும்.

முடிந்ததும் கண்ணாடியில் தெரியும் வெண்மை பிரமிப்பாக இருக்கும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அவ்வளவு நேரம் எச்சில் படாமல் பல் காய்ந்திருக்கிறது. காய்ந்த பல் எப்போதும் கூடுதல் வெள்ளையாகத் தெரியும். சில நாளில் ஈரம் திரும்பி ஓரிரு ஷேட் குறையும். இரண்டு வாரம் கழித்துத் தெரிவதுதான் உண்மையான நிறம். விளம்பரங்களில் முன்பு, பின்பு என்று போடும் படங்களில் பின்பு என்பது எப்போது எடுத்தது என்று கேட்டுப் பாருங்கள்.

நீல லைட், லேசர் என்று சொல்லி அதிகக் கட்டணம் கேட்கும் இடங்கள் உண்டு. விளக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சில வாரத்தில் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் பல. விளக்கின் சூடு கூச்சத்தைக் கூட்டவும் செய்யும். விளக்குக்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் ட்ரே போடும் முறை

என்னைக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அமெரிக்கப் பல் மருத்துவர்களான ஹேவுட்டும் ஹேமனும் 1989இல் முறையாக எழுதி வெளியிட்ட வழி இது. 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை ஒரு ட்ரேயில் வைத்து இரவில் போட்டுக்கொண்டு தூங்குவது. 10 சதவீத கார்பமைடு என்றால் உள்ளே வேலை செய்யும் ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 3.5 சதவீதம்தான். கிளினிக் ஜெல்லில் பத்தில் ஒரு பங்கு. வீரியம் குறைவு, நேரம் அதிகம். கடைசியில் கிடைக்கும் நிறம் கிளினிக் முறைக்குக் குறைந்ததில்லை, கூச்சம் மட்டும் குறைவு.

முதல் நாள் உங்கள் பல்லை அளவெடுத்து, மாவுக்கட்டு மாதிரியில் அச்சு வார்த்து, அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் ட்ரே செய்வார்கள். ஓரிரு நாளில் கிடைக்கும். கிளினிக்கிலேயே போட்டுப் பாருங்கள். ஈறில் குத்தினால், உதட்டைத் தூக்கினால் அங்கேயே ஓரத்தை வெட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள். இணையத்தில் விற்கும் எல்லா வாய்க்கும் பொருந்தும் ட்ரேயை வாங்கிவிடாதீர்கள். இடைவெளி வழியே ஜெல் வழிந்து ஈறைப் புண்ணாக்கும்.

இரவு சாப்பிட்டு முடித்து, பல் துலக்கி, பற்களின் இடுக்கையும் சுத்தம் செய்யுங்கள். ட்ரேயில் ஒவ்வொரு முன்பல்லும் உட்காரும் இடத்தில், உதட்டுப் பக்கமாக, ஓர் அரிசி அளவுக்கு ஜெல் வையுங்கள். அதிகம் வைத்தால் அதிக வெள்ளை வராது, ஈறுதான் எரியும். ட்ரேயை மாட்டி, வழிந்ததைப் பஞ்சாலோ சுத்தமான விரலாலோ துடையுங்கள். அதற்குப் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். 10 சதவீத ஜெல்லை இரவு முழுவதும் வைக்கலாம். அதன் வீரியத்தில் பாதி முதல் இரண்டு மணி நேரத்திலேயே செலவாகிவிடுவதால், ட்ரேயோடு தூக்கம் வரவில்லை என்றால் மாலையில் இரண்டு மூன்று மணி நேரம் போட்டாலும் பலன் உண்டு, நாள் மட்டும் கூடும். 16 அல்லது 22 சதவீத ஜெல் தந்திருந்தால் டாக்டர் சொன்ன நேரத்தைத் தாண்டாதீர்கள்.

காலையில் கழற்றி, வாய் கொப்பளித்து, ட்ரேயைப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும். ஜெல்லை ஃபிரிட்ஜில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். நம் கோடையில் வெளியே கிடந்தால் வீரியம் போய்விடும்.

சாதாரண மஞ்சள் நிறத்துக்கு இரண்டு முதல் மூன்று வாரம். பல வருட சிகரெட் கறைக்கு ஒன்று முதல் மூன்று மாதம். டெட்ராசைக்ளின் பட்டைகளுக்கு இரண்டு முதல் ஆறு மாதம், சில வேளை அதற்கும் மேல். பொறுமை உள்ளவர்களுக்கு அந்தப் பட்டைகள்கூட வியக்கத்தக்க அளவுக்கு மங்கியிருக்கின்றன. நேரமில்லாதவர்கள் முதலில் கிளினிக்கில் ஒரு முறை செய்துகொண்டு, மீதியை ட்ரேயில் தொடரலாம்.

ஒரே பல் கறுத்திருந்தால்

வேர் சிகிச்சை சரியாக முடிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்த்த பிறகு, பல்லின் பின்பக்கத் துளை வழியாக மருந்தை உள்ளேயே வைத்து அடைத்து அனுப்புவார்கள். சோடியம் பெர்போரேட்டும் தண்ணீரும் குழைத்த பசை அது. சில நாள் முதல் ஒரு வாரம் வரை இடைவெளி விட்டு மருந்தை மாற்றுவார்கள். இரண்டிலிருந்து நான்கு முறை வேண்டியிருக்கும். மருந்து வேருக்குள் இறங்காமல் வேர் வாயில் ஒரு சிமென்ட் தடுப்பு வைப்பது முக்கியம். அது இல்லாவிட்டால் பல வருடம் கழித்து வேரின் கழுத்துப் பகுதி கரையும் ஆபத்து உண்டு. "தடுப்பு வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. பல் பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு அடைத்துவிடுவார்கள். கேப் போடச் சொல்லப்பட்ட பல முன்பற்களை இந்த எளிய வழியில் காப்பாற்ற முடியும்.

ஃபுளோரோசிஸ் திட்டுகளுக்கு

இங்கே பிளீச்சிங் மட்டும் செய்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பழுப்பு மங்கும், ஆனால் வெள்ளைத் திட்டு வெள்ளையாகவே இருக்கும். முதல் சில நாளில் திட்டுகள் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்து பயமுறுத்தும். அதைப் பார்த்துவிட்டு நடுவில் நிறுத்திவிடாதீர்கள். சுற்றியுள்ள பல் வெளுக்க வெளுக்கத் திட்டு அதில் கலந்துவிடும்.

மேலோட்டமான பழுப்புக்கு மைக்ரோ அப்ரேஷன் என்ற முறை உண்டு. குறைந்த வீரிய ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுண்ணிய தேய்ப்புத் துகளும் கலந்த பசையால், எனாமலின் மேற்பரப்பை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று இரண்டு பங்கு அளவுக்கு மட்டும் எடுப்பார்கள். வீட்டில் ஆசிட் தேய்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஈறை ரப்பர் தாளால் மூடி, நொடிகளை எண்ணிச் செய்யும் வேலை இது.

வெள்ளைத் திட்டுகளுக்கு ரெசின் ஊடுருவல், அதாவது லைட்டில் இறுகும் பிசினைப் பல்லுக்குள் ஊறவைப்பது, நன்றாகக் கைகொடுக்கிறது. திட்டில் இருக்கும் எனாமல் நுண்துளைகளோடு இருப்பதால்தான் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. அந்தத் துளைகளைத் திறந்து, உலர்த்தி, தண்ணீர் போன்ற ரெசினை ஊறவைத்து லைட்டில் இறுக்கினால் ஒளி பழையபடி ஊடுருவி, திட்டு மறைகிறது. ஊசி இல்லை, ராவுதல் இல்லை. பலருக்கு வரிசையாக முதலில் ட்ரே, இரண்டு வாரம் இடைவெளி, பிறகு மைக்ரோ அப்ரேஷன், கடைசியில் ரெசின் என்று திட்டமிட வேண்டியிருக்கும். இந்த இரண்டு வார இடைவெளி எல்லா ஒட்டும் வேலைக்கும் பொருந்தும். பெராக்சைடு விட்டுப்போன ஆக்சிஜன் பல்லில் இருக்கும்வரை ரெசின் சரியாகப் பிடிக்காது.

குழி விழுந்த கடுமையான ஃபுளோரோசிஸுக்கு காம்போசிட் (பல் நிற ரெசின்) பூச்சோ வெனீரோதான் வழி. அதற்கும் கேப்புக்கும் வித்தியாசம் உண்டு. கேப் போட வேண்டுமானால் பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும். சொத்தையே இல்லாத 20 வயதுப் பல்லை நிறத்துக்காக ராவிக் கேப் போடச் சொன்னால், கையெழுத்துப் போடும் முன் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள்.

கூச்சமும் சாப்பாடும்

கூச்சம் பலருக்கு வரும். பெரும்பாலும் சில நாளில் போய்விடும், நிரந்தரமாகத் தங்குவதில்லை. ஆரம்பிக்கும் இரண்டு வாரம் முன்பிருந்தே 5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டால் துலக்குங்கள். கூச்சம் வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் ட்ரே போடலாம். அதே பேஸ்ட்டையோ டாக்டர் தரும் ஜெல்லையோ ட்ரேயில் 10 முதல் 30 நிமிடம் வைத்துக்கொண்டாலும் அடங்கும். ஒரே பல்லில் விடாமல் தெறித்தால் அது கூச்சம் இல்லை. சிகிச்சையை நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள்.

கிளினிக் முறை முடிந்த பிறகு ஒன்றிரண்டு நாள் நிறம் ஏற்றும் உணவைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். நம் சமையலில் மஞ்சள் தூள் இல்லாத குழம்பைத் தேட முடியாது. ஆகவே அந்த இரண்டு நாளுக்கு இட்லி, தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம், இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், மோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காபி, டீ, சாம்பார், பீட்ரூட் காத்திருக்கட்டும். ட்ரே முறையில் வாரக்கணக்கில் அப்படி இருக்கத் தேவையில்லை. காபி குடித்ததும் தண்ணீர் கொப்பளித்தால் போதும். சிகரெட்டை மட்டும் இரண்டு முறையிலும் அடியோடு நிறுத்த வேண்டும்.

யாரிடம் செய்வது, என்ன கேட்பது

மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்த டாக்டரிடம் மட்டும் செய்யுங்கள். பதிவு எண் கிளினிக்கில் மாட்டியிருக்கும். அழகு நிலையத்தில் பேஷியலோடு சேர்த்துப் பல் வெண்மையாக்குவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே சொத்தையைப் பார்க்கவோ, ஈறைக் காக்கவோ, வாயில் இருக்கும் சந்தேகமான திட்டை அடையாளம் காணவோ யாரும் இல்லை. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு சேதி: அங்கே 6 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும் வெண்மையாக்கும் பொருளுக்கு அனுமதி இல்லை, 0.1 சதவீதத்தைத் தாண்டி 6 சதவீதம் வரையிலானதும் பல் மருத்துவர் வழியாகத்தான், 18 வயது ஆனவர்களுக்குத்தான். ஊருக்கு வரும்போது வாங்கிப்போகலாம் என்று எண்ணி வீரியமான ஜெல்லைப் பெட்டியில் வைக்காதீர்கள்.

கட்டணம் ஊருக்கு ஊர், கிளினிக்குக்கு கிளினிக் மாறும். பொதுவாகக் கிளினிக் முறையைவிட ட்ரே முறை மலிவு. ஸ்கேலிங் இதில் சேர்த்தியா, எத்தனை சுற்று, ஜெல்லின் சதவீதம் என்ன, இரண்டு வாரம் கழித்துப் பார்க்க வரும்போது தனிக் கட்டணமா, மீதி ஜெல்லும் ட்ரேயும் எனக்குத் தருவீர்களா என்று முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு அழகுச் சிகிச்சைக்குப் பொதுவாக வராது. செலவு கட்டுப்படியாகாதவர்கள் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் பாருங்கள். அங்கே வேர் சிகிச்சையும் அடைப்பும் செய்யும் துறையில்தான் இதுவும் நடக்கும். நேரம் அதிகம் பிடிக்கும், செலவு குறைவு, பேராசிரியர் மேற்பார்வையும் இருக்கும்.

அதன் பிறகு

இந்த வெண்மை ஆயுளுக்கும் நிற்காது. பழக்கத்தைப் பொறுத்து ஒரு வருடம் முதல் மூன்று வருடம் வரை நிற்கும். தினம் நாலு காபி குடிப்பவருக்குச் சீக்கிரம் மங்கும். மங்கினால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதில்லை. ட்ரேயைப் பத்திரமாக வைத்திருந்தால், டாக்டரிடம் ஒரு ஜெல் குழாய் வாங்கி மூன்று நான்கு இரவு போட்டாலே நிறம் திரும்பிவிடும். வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் இதைச் செய்யத் தேவை வந்தால் காரணத்தைத் தேடுங்கள், ஜெல்லைக் கூட்டாதீர்கள். நடுவில் எந்தப் பல்லையாவது அடைத்திருந்தாலோ கேப் போட்டிருந்தாலோ பழைய ட்ரே சரியாக உட்காராது. அழுத்தி மாட்டாமல் புதிதாக அளவு கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.